எழுந்திருக்காத மாப்பிள்ளை

படப்பை,
திங்கட்கிழமை.

வாலாஜாபாத் உரக்கடை திரு. நரசிம்மன் அவர்களுக்கு,

வணக்கம்.

மூன்று வாரமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இருந்தது போதும். உண்மை தெரிந்தவன் பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நானும் உங்களைப் பார்த்ததில்லை; உங்கள் குரலை மட்டும் ஒரு முறை கேட்டிருக்கிறேன். எப்படிக் கேட்டேன் என்பதைக் கீழே சொல்கிறேன். உங்கள் மகள் மதிவதனிக்கும் இங்கே படப்பையில் பரசுராமன் மகன் இளம்பரிதிக்கும் பேசிவைத்த சம்பந்தம், நீங்கள் முன்கூட்டிச் சொல்லாமல் அந்த வீட்டுக்கு வந்துபோன நாளிலிருந்து அந்தரத்தில் நிற்கிறது. அது முறிந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நேற்று வரை, எல்லாம் முறிந்தாயிற்று, இனி எழுதி என்ன பயன் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி, பையனின் ஜாதகத்தை நீங்கள் இன்னும் திருப்பி அனுப்பவில்லையாம் என்றாள். பையனின் அம்மா கனகம் சொன்னாராம். சாப்பிட்ட கையோடு எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றேன். அப்படி ஒரு மூச்சு வெளியே வந்தது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ எனக்கு ஏன் இவ்வளவு ஆறுதல் என்று எனக்கே விளங்கவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து காகிதம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடை முகவரிக்கு அனுப்புவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வந்தால் உங்கள் மகள் பிரித்துப் பார்த்துப் பயந்துபோவாள். கல்யாணம் பேசுகிற வீட்டுக்கு அறிமுகமில்லாத கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தால் அதில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இதில் அது இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பரசுராமனைப் பிடிக்காது. ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் ஒரு கம்பெனியில் அவரும் நானும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். நான் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படித்து எம்.இ. முடித்தேன். அவர் மேலதிகாரி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி பரிமாறினார். அவர் துணை மேலாளர் ஆனார். ஆண்டுதோறும் என் மதிப்பீட்டுத் தாளில் ‘எதிர்பார்ப்பை நிறைவு செய்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அவர்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத அவர் பேனாவில் மை இருந்ததில்லை. போன ஆண்டு கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, எதிர்பார்ப்பை நிறைவு மட்டுமே செய்தவர்களுக்கு விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். விருப்பம் யாருடையது என்று அதில் போடவில்லை.

அது போக, அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். தன் காரை என் வீட்டு கேட்டை உரசிக்கொண்டு நிறுத்துவார். என் அப்பா செத்தபோது, எல்லாம் முடிந்து வீடு கழுவிய பிறகு மாலையோடு வந்தார். இதில் எதையும் நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், பரசுராமன் மகனைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அது தயவுக்காகச் சொன்னதாக இருக்காது என்று நீங்கள் நம்ப வேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முன் பெண் வீட்டார் ஒரு நாள் தகவல் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவது நம் பக்கத்தில் உள்ளதுதான். சொல்லிவிட்டுப் போனால் எந்த வீடும் மணக்க மணக்கத்தான் இருக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன். நீங்களும் உங்கள் மைத்துனரும் முற்பகலில் வந்தீர்கள். கனகம் பிறகு என் மனைவியிடம் சொன்னபடி, பையன் முன்னறையில் அரைக்கால் சட்டையோடு, காதை மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தான். கனகம் உள்ளேயிருந்து ஓடிவந்து, “டேய், மாமா வந்துகீறாரு, எந்திரிடா” என்றார். அவன் திரும்பி ஒரு கையை மட்டும் தூக்கி, “ஒரு நிமிசம் மாமா, இப்ப வுட முடியாது” என்றான். நாற்காலியை விட்டு அசையவில்லை. கனகம் சங்கடத்தோடு காபி போட உள்ளே போனார். காபி வருவதற்குள் நீங்கள் படியிறங்கிவிட்டீர்கள்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஹெட்போனிலிருந்து அவன் வாய்ப்பக்கம் ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது மைக். அந்த அறையில் அவன் நாற்காலிக்குப் பின்னால் பேசியது அத்தனையும் அது வழியாக வேறு மூன்று பேர் காதில் விழுந்தது. ஒருத்தி ஜாஸ்மின், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள். ஒருவன் பேச்சிராஜ், தென்காசிப் பக்கத்துப் பையன், ஒரகடத்தில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். மூன்றாவது ஆள் நான். அதே நேரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம், என் வீட்டில், என் மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம், நானும்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லாவிட்டால் மீதியை நீங்கள் நம்பமாட்டீர்கள். வேலையை விட்டு வந்த பிறகு பகல் எனக்குப் பெரிய எதிரியாகிவிட்டது. என் மனைவி கங்கா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையில் அவள் கிளம்பினால் வீட்டில் நானும் என் பழைய வழக்குகளும்தான். யார் என்ன சொன்னார்கள், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே வாதாடிக்கொண்டிருப்பேன். எல்லா வாதத்திலும் நான்தான் ஜெயிப்பேன். சாயங்காலம் தலைவலி வரும்.

பரசுராமன் வீட்டு மாடித் தொட்டி நிரம்பினால் தண்ணீர் என் சுவர்மேல்தான் கொட்டும். ஆடி மாதத்தில் ஒரு நாள், இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று நேராக அந்த வீட்டுக்குப் போனேன். பரசுராமன் கம்பெனிக்குப் போயிருந்தார். பையன் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, சாரி அங்கிள் என்றான். எனக்கு அது போதவில்லை. தயார் செய்துகொண்டு போன வார்த்தைகள் எல்லாம் வாயிலேயே இருந்தன. அப்போது அவன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன்.

அதில் ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டில் தாது வருகிறது, இயந்திரம் உருக்குகிறது, அடுத்தது அடிக்கிறது, அதற்கடுத்தது கோக்கிறது. சுற்றிலும் ஒரே மணல்வெளி. ராத்திரி ஷிஃப்ட் முழுக்க நிஜத் தொழிற்சாலையில், லைன் நின்ற இடத்துக்கெல்லாம் ஸ்பேனரோடு ஓடும் மெயின்டனன்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவன், வீட்டில் உட்கார்ந்து இன்னொரு தொழிற்சாலையைக் கட்டிக்கொண்டிருந்தான். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்க வாயெடுத்தேன். வந்தது வேறு. மூன்றாவது மெஷினில் தேங்குகிறது பார் என்றேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, “ஆமா இல்ல?” என்றான்.

ஐயா, நான் காலமெல்லாம் செய்த வேலை அது ஒன்றுதான். லைனில் எங்கே தேங்குகிறது, எந்த இயந்திரத்துக்கு முன்னால் பொருள் குவிகிறது, யார் கை சும்மா இருக்கிறது என்று பார்த்து ஓட்டத்தைச் சீர் செய்வது. நான் எழுதிக்கொடுத்த யோசனைகளில் பாதி யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில் செத்துப்போயின. மீதி வேறு பெயரில் உயிர் பெற்றன. ஆனால் அன்று அந்தப் பையன் நான் சொன்ன இடத்தில் பெல்ட்டைத் திருப்பிவிட்டான். குவிந்து கிடந்தது கண்ணெதிரே கரைந்து ஓடியது. தண்ணீர்ச் சண்டையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் நானே அவனைக் கேட் அருகில் கூப்பிட்டு, அதை என் மகளின் கம்ப்யூட்டரில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். அவன் வீட்டில் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். இந்த வயதில் இதெல்லாம் வெளியே தெரிந்தால், அதுவும் பரசுராமனுக்குத் தெரிந்தால், நான் தெருவில் நடக்க முடியாது. அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

முதல் வாரத்திலேயே நான் ஒரு காரியம் செய்தேன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பில் இயந்திரங்களை இரட்டிப்பாக்கினேன். மின்சாரம் பற்றாமல் அவர்கள் பல நாள் கட்டிய தொழிற்சாலை மொத்தமும் இருண்டு நின்றது. “அண்ணாச்சி, நல்லா ஓடிட்டு இருந்தத இப்படி அமத்திப் போட்டுட்டியளே” என்று பேச்சிராஜ் சிரித்தான். நான் காத்திருந்தேன். இனி விளக்கம் கேட்பார்கள். எங்கள் கம்பெனியில் கேட்பது போல ஏன், அது ஏன், அதற்குக் காரணம் ஏன் என்று அடுக்கடுக்காக எழுதச் சொல்வார்கள். கடைசி ‘ஏன்’ என் பெயரில் வந்து நிற்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வுடுங்க சார், திரும்பப் போட்டுக்கலாம் என்று ஜாஸ்மின் சொல்லும்போதே மற்ற இருவரும் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அன்று சாயங்காலம் எனக்குத் தலைவலி வரவில்லை.

இப்போது நீங்கள் வந்த நாளில் நடந்தது. அந்த விளையாட்டில் அவ்வப்போது மணற்புயல் அடிக்கும். வெளியே போனவர்கள் அதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும். கதவு தானாகத் திறந்திருக்காது. ஒருவர் விசையை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தால்தான் திறந்திருக்கும். கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். வெளியில் நிற்பவன் கதி அதோகதி. நாலு பேர் நாலு இடத்திலிருந்து ஆடுகிற ஆட்டம் இது. ஒருவன் நினைத்தால் நடுவில் நிறுத்திவைக்க முடியாது.

அன்று வெளியே மாட்டிக்கொண்டவன் நான். என் விரல்களுக்கு இந்த வேகம் வராது. வழி தவறி ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இளம்பரிதி. மண் உள்ளே வருது, விட்டுருல என்று பேச்சிராஜ் கத்துகிறான். “அங்கிள் வெளிய கீறாருடா” என்று இவன் சொல்கிறான். அந்த நேரத்தில்தான் கனகத்தின் குரலும் அதன் பின்னால் உங்கள் செருமலும் என் காதில் விழுந்தன. அவன் உங்களிடம் கேட்ட அந்த ஒரு நிமிடம் எனக்காகக் கேட்டது. நான் தட்டுத் தடுமாறி உள்ளே வந்ததும் ஹெட்போனைக் கழற்றி வீசினான். நாற்காலி சரியும் சத்தம், மாமா மாமா என்று அவன் வாசலுக்கு ஓடும் சத்தம் எல்லாம் கேட்டது. நீங்கள் அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டீர்கள்.

போவதற்கு முன்னால் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று உங்கள் மைத்துனரிடம் அடிக்குரலில் சொன்னீர்கள்: “என் தம்பியும் இப்டித்தான், ஒரு நிமிசம் ஒரு நிமிசம்னு சொல்லிக்கினே இருந்தான். அவன வாரிக் குடுத்தது போதும். வா போலாம்.”

அவன் காதை ஹெட்போன் அடைத்திருந்தது. அவனுக்கு அது கேட்கவில்லை. கனகம் அடுப்படியில் இருந்தார். கேட்டவர்கள் நாங்கள் மூவர்தான். இந்தக் கடிதம் எழுதுபவன் கதை கட்டுகிறான் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த வார்த்தைகளை நீங்கள் வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தம்பியைப் பற்றிப் பிறகு விசாரித்தேன். ஆன்லைன் ரம்மியில் அவர் போன விதத்தை வாலாஜாபாத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. உங்கள் பயம் நியாயமான பயம். ஒரு மனிதன் திரையைப் பார்த்துக்கொண்டு ‘ஒரு நிமிஷம்’ என்று சொன்னால் உங்கள் நெஞ்சு என்ன பாடுபடும் என்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்த வீட்டில் ஒருவருக்கும் இது புரியவில்லை. நீங்கள் தரகரிடம் யோசித்துச் சொல்கிறோம் என்றதோடு சரி. மாமனார் வந்தபோது எழுந்து நிற்காததால் மரியாதை கெட்டுவிட்டது, அதனால்தான் நீங்கள் முகம் திருப்பிக்கொண்டீர்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். பரசுராமன் கம்ப்யூட்டரின் கீபோர்டைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மாமனார்கூட உனக்குப் பெரிசில்லை, அப்படி யாரோடுடா ஆடிக்கினு இருந்த என்று அவர் போட்ட சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. பையன், ஃப்ரெண்ட்ஸோட என்றான். அவ்வளவுதான் சொன்னான். பக்கத்து வீட்டு அங்கிளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அவன் சொல்லியிருந்தால் அந்தக் கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியிருக்கும், பையன் தப்பித்திருப்பான். எனக்குக் கொடுத்த வார்த்தைக்காக அவன் வாயைத் திறக்கவில்லை. தன் கல்யாணம் ஆடிக்கொண்டிருக்கிறபோதும் திறக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தாம்பூலம், பழத்தட்டோடு வாலாஜாபாத் வந்து, பையனை உங்கள் காலில் விழச் செய்வதாகப் பரசுராமன் திட்டம் வைத்திருக்கிறார். நடக்கப்போவது எனக்கு இப்போதே தெரிகிறது. அவர்கள் மரியாதையைப் பற்றியே பேசுவார்கள். தம்பியின் பெயரை அத்தனை பேர் நடுவில் எடுக்க உங்களுக்கு மனம் வராது. மரியாதையாகவே ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். எதற்காக வேண்டாம் என்றீர்கள் என்று அவர்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாது. எதற்காக எழுந்திருக்கவில்லை என்று உங்களுக்கும் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன். அதனால்தான் இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கு முன்னால் உங்கள் கைக்கு வர வேண்டும்.

நான் எவரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. அவன் ரம்மி ஆடுகிறானா என்று நானே துருவிப் பார்த்தேன். ஒரு குறை அகப்படாதா என்ற ஆசையும் அதில் இருந்தது. பரசுராமன் வீட்டுக் குறை என்றால் எனக்குப் பாயசம். பேச்சிராஜிடம் கேட்டேன், அவன் கம்பெனி ஆட்களிடம் கேட்டேன், அவன் டீ குடிக்கும் கடையில் கேட்டேன். கடைசியில் அவனையே தெருவில் நிறுத்திக் கேட்டேன். “எனக்கு சீட்ட கைல புடிக்கவே வராது அங்கிள், எல்லாம் கீழ வுழுந்துடும்” என்றான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? கொஞ்சம் இருந்தது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு, அப்பாடா என்று இருந்தது. அது கொஞ்சமில்லை, நிறையவே இருந்தது.

அப்படியானால் பணமும் வராத, பெயரும் வராத இந்த ஆட்டத்தில் என்னதான் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல நாள் யோசித்தேன். ரம்மிக்காரனுக்கு விட்டதைப் பிடிக்க வேண்டும். ஆட்டத்தில் இல்லாதபோதும் அவன் ஆட்டத்தில்தான் இருப்பான். இதில் விடுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் பிடிப்பதற்கும் ஒன்றுமில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவனுக்கு உடனே தூக்கம் வராது. இயந்திரச் சத்தம் காதுக்குள்ளேயே சுற்றும். கொஞ்ச நேரம் ஆடுவான், கொட்டாவி விடுவான், கண்ணு சொருகுது நான் போறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். ஆட்டம் எவ்வளவு சூடாக இருந்தாலும் புயல் ஓய்ந்ததும் போய்விடுவான். நாங்கள்தான் இன்னும் கொஞ்சம் இரேன் என்று கெஞ்சுவோம். இதிலும் மூழ்கிச் சீரழிகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். இவன் அந்த ரகம் இல்லை.

எங்கள் கம்பெனிகளில் ஒருவன் ஒரு திருகைத்தான் முடுக்குவான். அது எந்தக் காரில் போகிறது, எந்த ஊர்ச் சாலையில் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. விளையாட்டில் முதல் கல்லைத் தோண்டுவதிலிருந்து கடைசிப் பொருள் வெளியே வருவது வரை அவன் கண்முன்னால் நடக்கிறது. லைன் நின்றால் அங்கே ‘யார்’ என்று கேட்பார்கள். இங்கே ‘எங்கே’ என்று மட்டும் கேட்பார்கள். விதி எல்லோருக்கும் ஒன்று. மேலாளரின் மச்சானுக்கு வேறு, எனக்கு வேறு என்று கிடையாது. தப்பு செய்தால் உடனே தெரியும், திருத்தினால் உடனே பலிக்கும். நேற்று நான் இருட்டாக்கியதை அந்த விளையாட்டு இன்று ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. என்னைப் போல எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிற ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று உங்களுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் முழுக்க என்னை யாரும் தேடாத காலம் அது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பையன், என் எதிரியின் மகன், உள்ளே மண் கொட்டிக்கொண்டிருக்கும்போது, நான் வந்துசேரும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். விளையாட்டுத்தானே என்று நீங்கள் சொல்லலாம். பொம்மைக் கதவு, பொம்மை மண். அவனுடைய வருங்கால மாமனார் நிஜமாகவே பின்னால் நின்றுகொண்டிருந்தார், ஐயா. அதனால்தான் சொல்கிறேன், நம்பிப் பெண் கொடுக்கலாம். உங்கள் மகள் எங்காவது வழி தெரியாமல் நின்றால், நாலு பேர் விட்டுவிடு என்று கத்தினாலும், இவன் விடமாட்டான்.

எனக்கு உங்களிடம் ஒரே விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரும்போது பையனைத் தனியே கூப்பிட்டு, உங்கள் பயத்தை நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். தம்பியின் கதையைச் சொல்லுங்கள். அவன் கேட்டுக்கொள்வான். இனி தொடவே மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் மட்டும் வாங்காதீர்கள். இதில் என் சுயநலமும் இருக்கிறது. அவன் இல்லாத இந்த மூன்று வாரமாக ஜாஸ்மினும் பேச்சிராஜும் அவன் எங்கே எங்கே என்று என்னைக் கேட்கிறார்கள். நான் பழையபடி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

கங்கா இன்று பள்ளிக்கு லீவு போட்டிருக்கிறாள். இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். விளையாட்டு விஷயமே அவளுக்கு இன்றுதான் தெரியவரும் என்று நினைத்தேன். மத்தியானம் ஒரு நாள் சீக்கிரம் வந்தவள், நான் ஹெட்போனோடு ‘வந்துட்டேன் வந்துட்டேன்’ என்று கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாளாம். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, “பேரப் போட்டா இன்னா, கை தேஞ்சிடுமா?” என்று கேட்டாள்.

தேயாதுதான். ஆனால் பெயரைப் போட்டால், நீங்கள் நல்ல மனிதர், பரசுராமனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டீர்கள். அவர் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார். நான் உள்ளே வாங்க என்று சொல்ல வேண்டும். காபி கொடுக்க வேண்டும். அவர் பழைய கம்பெனிக் கதை எதையாவது ஆரம்பித்துக் கண்கலங்குவார். நான் விடுங்கள், அதெல்லாம் எதற்கு என்று சொல்ல வேண்டும். என்னால் இன்னும் அதைச் சொல்ல முடியாது. முடிகிற நாள் வந்தால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

என்னைக் கண்டுபிடிப்பது உங்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கண்டுபிடித்தாலும் காட்டிக்கொள்ளாதீர்கள். எனக்குப் பத்திரிகை வைக்கச் சொல்ல வேண்டாம். கங்காவுக்குக் கனகம் எப்படியும் வைப்பார், அவள் போய்வருவாள். கல்யாணத்துக்கு அந்த வீட்டில் பந்தல் போட்டால் ஒரு கால் என் வாசலில்தான் ஊன்றியாக வேண்டும், இடம் அப்படி. இந்த ஒரு முறை நான் எதுவும் சொல்லமாட்டேன்.

மதிவதனி நன்றாக இருக்க வேண்டும். நீங்களும் இனி நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

மத்தியானத் தபால் எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. இத்தோடு பேனாவை மூடுகிறேன். கீழே பெயர் எழுதாமல் அப்படியே உறையில் போட்டு ஒட்டி, நானே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வரப்போகிறேன்.